மூன்றரை அடிக்கு அப்பால்

2009 ஜூலை 11, சனிக்கிழமை. நான்கு மணிக்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். இட்லி அவித்து, இரண்டு பேருக்கு வேண்டியதை மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி டப்பாவில் அடுக்கினேன். பால்காரர் வர நேரமாகும் என்பதால் வரக்காப்பி. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. நெரவியிலிருந்து அண்ணன் மொபெட்டில் கொண்டுவந்து காரைக்கால் பேருந்து நிலையத்தில் விட்டார்.

என்னோடு வேலை பார்த்த அக்கா எனக்கு முன்பே வந்து சிமெண்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பெஞ்சில் இடம் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் யாரோ ஒரு மூட்டையை வைத்திருந்தார்கள். மூட்டைக்காரர் அதே பெஞ்சின் மறுகோடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஏன் உட்காரவில்லை என்று கேட்டேன். மூட்டையை நகர்த்தினால் அவர் விழித்துக்கொள்வார் என்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று நான் கேட்கவில்லை.

அன்று நாங்கள் திருச்சிக்குப் போனது ஒரு லென்ஸ் வாங்க. அடுத்த மாதம் அவருடைய தங்கை மகளுக்குக் காரைக்காலில் கல்யாணம். தங்கை பிரான்சில் இருந்தார். அக்காவும் தங்கையும் பேசி மூன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்தத் தங்கையின் முகத்தை ஒரு படம் எடுத்துவிட வேண்டும், அதையும் பக்கத்தில் போகாமல் எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவரிடம் இருந்த கேமராவோடு வந்த சின்ன லென்ஸில் அது முடியாது.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், படிக்கிறவர்களுக்கு ஒரு பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளும் தொந்தரவு எதற்கு என்றுதான் கேட்பார். அவர் ஊரை விட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. நாங்கள் ஒரு அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் எதிரெதிர் மேசைகளில் இருந்தோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தலத்தெருவில் அம்மா இருந்தவரை அம்மாவோடும், பிறகு தனியாகவும் இருந்தார். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். பியூனையும் அப்படித்தான். அலுவலக வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட 'கொஞ்சம் போங்க' என்பார் என்று எங்கள் பிரிவில் ஒரு கேலி உண்டு. அதில் பாதிதான் பொய். நாயிடம் அவர் எதுவும் சொல்லமாட்டார், சுற்றிக்கொண்டு போவார்.

அவரைப் பற்றி நினைத்தால் இந்த மாதிரிதான் ஞாபகம் வருகிறது. அலுவலகத்துக்கு டீ கொண்டு வருபவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி சர்க்கரை போட்டுக் கொண்டுவருவார். அக்காவும் குடிப்பார். அவருக்குச் சர்க்கரை போட்ட டீயே பிடிக்காது, வீட்டில் வெறும் டீதான் குடிக்கிறார் என்பது, ஒரு மழைநாளில் அவர் வீட்டில் ஒதுங்கியபோதுதான் எனக்குத் தெரியவந்தது. ஏன் டீக்காரரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒருத்தருக்காகத் தனியாக ஒரு தம்ளரை அவர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமே என்றார்.

ஒரு முறை பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பெண், மடியில் தூங்கும் குழந்தை. தலத்தெரு வந்தது. எழுந்தால் அந்தப் பெண்ணும் எழ வேண்டும், குழந்தை விழித்துவிடும். அக்கா பேசாமல் பொறையாறு வரை போய், அந்தப் பெண் இறங்கிய பிறகு இறங்கி, வேறு பேருந்து பிடித்துத் திரும்பினார். மறுநாள் அதைச் சொன்னபோது, பொறையாற்றில் நல்ல முருங்கைக்காய் கிடைத்தது என்று சேர்த்துக்கொண்டார்.

பட்டினச்சேரியிலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரம்மாவுக்கு மட்டும் இது பொறுக்காது. நான் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்னம்மா நீ. நான் ஒரு வெல சொல்லணும், நீ கொறைக்கணும். நான் கட்டாதுன்னு கூடையத் தூக்கணும், நீ கூப்புடணும். அப்பறம் ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே குடுத்து வாங்கணும். நீ பாட்டுக்குச் சட்டிய நீட்டுற. ஒங்கிட்ட வித்துட்டுப் போனா யாவாரம் பண்ண மாதிரியே இல்ல எனக்கு."

"வெயில்ல வர்றீங்க. ஒங்கள எதுக்கு நிக்க வச்சுப் பேசணும்?"

"பேசத்தானே வர்றேன். மீன மட்டும் விக்கணும்னா சந்தையிலயே வித்துட்டுப் போவேனே."

அக்கா சிரித்தார். அந்த அம்மா சொன்னது அவர் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. எனக்கு அன்றைக்கே அது உள்ளே போனது. ஏனென்றால் அதற்கு முந்தைய வருடம் என் அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது, அலுவலகத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள், அக்கா வரவில்லை. எனக்குப் பெரிய மனத்தாங்கல். ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. அப்பா வீடு திரும்பிய பிறகு, தினமும் காலையில் யாரோ கொடுத்தனுப்பிய கஞ்சி வந்த பச்சை நிற ஃபிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க ஆளைத் தேடினோம். வாயிற்காவலர்தான் அடையாளம் சொன்னார். அக்கா தினமும் விடிகாலையில் வந்து, அதை அவரிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் போயிருக்கிறார். நோயாளியையும் வீட்டுக்காரர்களையும் எழுப்ப வேண்டாம் என்று. நன்றி சொல்லத்தான் வேண்டும், சொன்னேன். ஆனாலும் அந்த ஒரு மாதம் நான் பட்ட வருத்தம் இருக்கிறதே, அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? அவர் அதற்குக் காரணம் என்றும் சொல்ல முடியாது, காரணம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

தங்கை விஷயமும் இப்படித்தான் ஆயிற்று.

தங்கைக்கு வாழ்க்கைப்பட்டது பிரான்ஸ் குடியுரிமை உள்ள குடும்பத்தில். கல்யாணமான சில வருடங்களில் பாரிசுக்குப் பக்கத்தில் போய்க் குடியேறினார். ஆடி பிறந்தால் எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் திறக்கும்; பிள்ளைகளுக்கு அங்கே பள்ளி விடுமுறை. அவரும் அப்படி வந்து போவார். 2005 டிசம்பரில், கிறிஸ்துமசுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, அம்மா தூக்கத்தில் இறந்துபோனார். தங்கை அப்போதுதான் புது வேலையில் சேர்ந்திருந்தார். பண்டிகை நேரம், விமானத்தில் இடம் கிடைக்காது, பிள்ளைக்குப் பரீட்சை என்றெல்லாம் அக்கா தனக்குள்ளேயே யோசித்து முடித்துவிட்டார். எங்கள் ஊர்ப் பழக்கம் என்னவென்றால், பிரான்சில் பிள்ளை இருந்தால் பெட்டியில் ஐஸ் வைத்துக் காத்திருப்பார்கள். வர முடியாவிட்டால் போட்டோக்காரரை வைத்து முகத்தைப் பல பக்கமும் எடுத்து அனுப்புவார்கள். அக்கா காத்திருக்கவும் இல்லை, போட்டோக்காரரைக் கூப்பிடவும் இல்லை. பண்டிகைக் காலத்தில் அவருக்கு எத்தனை வேலை இருக்கும் என்று விட்டுவிட்டார். மறுநாள் அடக்கம் முடிந்து, வீடு கழுவி, சாயங்காலம் தொலைபேசி பூத்துக்குப் போய்த் தங்கைக்குச் சொன்னார்.

தங்கை ஒன்றே ஒன்று கேட்டாராம்: "அம்மா மொகத்த நான் பாக்க வேணாமா?" பிறகு வைத்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது. கடிதம் இல்லை, ஆடியில் வருவதும் இல்லை.

இதை அக்கா என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார், தபால் பைக்கு அரக்கு வைத்துக்கொண்டே. சொல்லிவிட்டு, உங்களுக்கு வேலை கெட்டுப்போகிறது என்றார்.

சம்பள அரியர்ஸ் வந்த வருடம் எங்கள் அலுவலகப் பெண்கள் எல்லோரும் நகைக்கடைப் பேச்சாகவே இருந்தோம். கழுத்துக்கு என்ன வாங்கப் போகிறீர்கள் என்று ஒருத்தி அக்காவைக் கேட்டாள். கேமரா என்றார். எல்லோரும் சிரித்தோம். "அதுவும் கழுத்துலதாங்க மாட்டிக்கிறது" என்றார் அவர். வாங்கியும் விட்டார். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற டிஜிட்டல் கேமரா, கருப்பு, தனியாக ஒரு வாருடன். அவர் மாதா கோவில் பங்கில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால், அக்கா போய்ப் படம் எடுத்து அன்றைக்கே கணினி மையத்திலிருந்து அனுப்புவார். யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார். ஞானஸ்நானம், கல்யாணம் என்று கூப்பிட்டாலும் போவார். ஆனால் சாவுக்குக் கூப்பிடாமலே போவார். ஏன் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

அவர் படங்களில் ஒரே குறை, எல்லாம் தூரமாக இருக்கும். அழுகிறவர்களை விலக்கிக்கொண்டு பெட்டியருகே போக மாட்டார். மதில் ஓரம் நின்று எடுப்பார். 2009 மே மாதம் அவர் தெருவில் ஒரு பெரியவர் இறந்தார். மகன் பிரான்சில். அக்கா அனுப்பிய படங்களுக்கு மகன் தொலைபேசியில் நன்றி சொன்னார். நல்ல மனிதர்தான், குத்தலாகச் சொல்லவில்லை. "எல்லாரும் இருக்காங்க, பந்தல் இருக்கு, வாழமரம் இருக்கு. அப்பா மொகத்தத்தான் தேடிக் கண்டுபிடிச்சேன்" என்றார். அக்கா அந்தப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் கட்டம் கட்டமாக உடைந்து போனது. மறுநாள் அலுவலகத்தில் என்னிடம், பக்கத்தில் போகாமல் பக்கத்தில் தெரிகிற லென்ஸ் ஒன்று இருக்கிறதாமே என்று கேட்டார்.

எனக்குக் கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. எதையும் வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருப்பதால் என்னிடம் கேட்டார். அலுவலகக் கணினியில் மதிய நேரத்தில் தேடினேன். அவர் கேமராவுக்குப் பொருந்துவதாக இரண்டு கிடைத்தன. ஒன்று சின்னது, இருநூறு மில்லிமீட்டர் வரை போகும், ஒரு தம்ளர் அளவுதான். இன்னொன்று முந்நூறு வரை போகும், நீளமானது, கனமும் இரண்டு மடங்குக்கு மேல். எது வேண்டும் என்று முடிவு செய்வதற்குள் ஒரு நாள் தபாலில் அந்தக் கல்யாணப் பத்திரிகை வந்தது. பிரான்ஸ் தபால்தலை. முகவரி தங்கையின் கையெழுத்து. உள்ளே அச்சடித்த பத்திரிகை மட்டும், கூட ஒரு வரி இல்லை.

அக்கா அதை மேசைமேல் வைத்து இரண்டு மூன்று முறை திருப்பிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் சொந்தத்துக்குத் தபாலில் பத்திரிகை வந்தால் கோவிலுக்குப் போகலாம், பந்திக்குப் போகக் கூடாது. வீடு தேடி வந்து, வாய் திறந்து கூப்பிட்டால்தான் பந்தி. ஊருக்கு வந்த பிறகு தங்கை நேரில் வந்து கூப்பிடுவார் என்று நான் சொன்னேன்.

"கல்யாண வேலையில அவளுக்கு அதுக்கெல்லாம் எங்கங்க நேரம்? நான் பூசைக்குப் போவேன். மேல, பாட்டுக்காரங்க நிக்கிற மாடியில நின்னுக்குவேன். அங்கேருந்து ஒரு படம். அவ மொகம் மட்டும் போதும். அதுக்குள்ள அந்த லென்ஸ் வாங்கிடணும்."

அப்படித்தான் ஜூலை 11-ஆம் தேதி திருச்சிக்குப் போனோம்.

கடை சின்னது, கூட்டம் அதிகம். அக்கா ஓரமாக நின்றார். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் நான்தான் முன்னால் போய்க் கேட்டேன். கடைக்காரர் முப்பத்தைந்து வயதுக்காரர், பேச்சுப் பிரியர். பெரிய லென்ஸைத்தான் முதலில் எடுத்தார். மாட்டிக் கொடுத்தார். அக்காவின் கையில் அது ஒரு சின்னப் பீரங்கி மாதிரி இருந்தது. வளையத்தைத் திருகத் திருக இன்னும் நீண்டது.

"இதுல பறவையெல்லாம் எடுக்கலாம் மேடம். கோடியக்கர பக்கம்தான ஒங்களுக்கு? இறகு இறகா வரும்."

"பறவைய எடுத்தா அதுக்குத் தெரியாதுங்க. நான் எடுக்கப்போறது மனுஷங்கள. இத நீட்டுனா பத்துப் பேர் திரும்பிப் பாப்பாங்க."

கடைக்காரர் சின்னதை எடுத்தார். இருநூறு போதுமா என்று நான் கேட்டேன். கேமராவுக்குள் படம் விழுகிற சில்லு பழைய ஃபிலிமைவிடச் சின்னது என்றும், அது நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால் இருநூறு, முந்நூறு போலத் தெரியும் என்றும் விளக்கினார். சில்லு சின்னதாக இருப்பதில் ஒரு லாபமா என்று அக்கா ஆச்சரியப்பட்டார். கோவிலுக்குள் வெளிச்சம் குறைவு, ஃபிளாஷ் போடமாட்டேன் என்றார். அதற்குக் கை நடுக்கத்தைத் தாங்கிக்கொள்கிற வகை இதிலேயே இருக்கிறது என்று கடைக்காரர் இன்னொரு பெட்டியைத் திறந்தார். ஃபோகஸ் ஆகும்போது சத்தம் வருமா என்று கேட்டார் அக்கா. அதுவரை எந்த வாடிக்கையாளரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. காதருகே வைத்துப் பார்த்தார், கொசு மாதிரி ஒரு சத்தம் என்றார். பாட்டு நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று அக்கா முடிவு செய்தார்.

என்னைத் தெருவுக்கு எதிர்ப்புறம் போய் நிற்கச் சொன்னார். சொன்னார் என்பது சரியில்லை. எதிர்ப்பக்கம் யாராவது நின்றால் நன்றாக இருக்கும் என்றார், நான் போனேன். நின்றேன். வண்டிகளுக்கு நடுவே அக்காவின் முகம் சின்னதாகத் தெரிந்தது, அதில் பாதி கேமரா. திரும்பி வந்தபோது திரையில் என் முகம் இருந்தது. என் நெற்றியில் காலையில் வைத்த திருநீறு ஒரு பக்கம் அழிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே எனக்கே தெரியாத சுருக்கம் இருந்தது. யாரோ என் வீட்டுக்குள் வந்து, நான் பார்க்காதபோது போய்விட்டது மாதிரி இருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன் மேடம்" என்றார் கடைக்காரர், பெட்டியை மூடிக்கொண்டே. "இதுக்கு ஒரு கொற. மூணரை அடிக்குள்ள யாராவது வந்துட்டா ஃபோகஸ் ஆகாது. முன்னாடியும் பின்னாடியும் ஓடிக்கிட்டே இருக்கும், பிடிக்காது. கிட்ட எடுக்கணும்னா பழைய லென்ஸ மாட்டிக்குங்க."

"அவ்வளவு கிட்ட யாருங்க வரப்போறாங்க?" என்றார் அக்கா.

லென்ஸின் முன்னால் மாட்டும் பிளாஸ்டிக் மறைப்பு ஒன்றும் கூட வந்தது. அதை மாட்டினால் பெரிதாகத் தெரிகிறது என்று கடையிலேயே விட்டுவரப் பார்த்தார். நான் வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். லென்ஸ் அவருடைய ஒயர் கூடையில், சாப்பிட்டு முடித்த இட்லி டப்பாவுக்குப் பக்கத்தில், துண்டு சுற்றி ஊருக்கு வந்தது. பேருந்தில் அக்கா நடத்துநருக்குப் பக்கத்து இருக்கையில் கால் நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்து வந்தார். வேறு இடம் இருந்தது.

தங்கை ஜூலைக் கடைசியில் வந்துவிட்டார் என்று செய்தி வந்தது. மாமனார் வீட்டில், நடந்தே போகிற தூரத்தில் இருந்தார். வெள்ளி, சனி, ஞாயிறு போயிற்று. அக்கா வீட்டுக்கு யாரும் வரவில்லை. அக்காவும் போகவில்லை. நீங்கள் மூத்தவர், போனால்தான் என்ன என்று நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "நான் போயி நின்னா, என்னை உக்கார வைக்கணும், காப்பி குடுக்கணும், அழுவணும். அதுவும் ஒரு வேலதானங்க அவளுக்கு" என்றார். எனக்குப் பச்சை ஃபிளாஸ்க் ஞாபகம் வந்தது.

கல்யாணம் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, காலைப் பூசையில். துணைக்கு வருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். மாடிக்குப் போகும் மரப்படிகள் குறுகலானவை. அக்கா ஒவ்வொரு படியிலும் எங்கே மிதித்தால் சத்தம் வராது என்று தெரிந்து வைத்திருந்தார். சிறுமிகளாக இருந்தபோது அவரும் தங்கையும் அந்த மாடியில் நின்றுதான் பாடுவார்களாம். பாட்டுக்காரர்களுக்குப் பின்னால், தூணை ஒட்டி, கைப்பிடிச் சுவருக்கு மேல் கேமரா மட்டும் தெரியும்படி நின்றார்.

கீழே கல்யாணப் போட்டோக்காரர்கள் இரண்டு பேர் பீடத்துப் படியில் ஏறி நின்று, ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீடியோ விளக்கைப் பெண்ணின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கேமராவை முன்வரிசைக்குத் திருப்பினார். வளையத்தைத் திருகினார். அப்புறம் வெகுநேரம் அசையவில்லை.

"முடி நரைச்சிடுச்சுங்க அவளுக்கு" என்றார் மெதுவாக. எடுக்கவில்லை. பாட்டுக்காகக் காத்திருந்தார். பாட்டு தொடங்கியதும் ஒன்று எடுத்துத் திரையில் காட்டினார். பக்கவாட்டு முகம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார் தங்கை. "அம்மா இப்படித்தான் தொடைப்பாங்க" என்றார் அக்கா. அது போதும், வந்த வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் கேமராவை இறக்கவில்லை.

தாலி கட்டி முடிந்து, பூசை தொடர்ந்தது. சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. அப்போது அவரவர் முன்னும் பின்னும் பக்கத்திலும் இருப்பவர்களைப் பார்த்துக் கை கூப்புவார்கள், அவ்வளவுதான். முன்வரிசையில் தங்கை வலப்பக்கம் கும்பிட்டார், இடப்பக்கம் கும்பிட்டார், பின்வரிசைக்குக் கும்பிட்டார். பிறகு நிமிர்ந்து, கோவிலின் அந்தக் கோடியிலிருந்து நேராக மாடியைப் பார்த்துக் கை கூப்பினார்.

எனக்குத் தூரத்தில் ஒரு பெண் கும்பிடுவது தெரிந்தது, அவ்வளவே. கேமராவுக்குள் அக்காவுக்கு என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்கு அது பக்கத்தில் தெரிந்திருக்கும். அவர் இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்திருந்தார், திருப்பிக் கும்பிடக் கை இல்லை. பொத்தானையும் அழுத்தவில்லை. பாட்டுக்காரர்களில் ஒரு பெண் திரும்பி அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அக்கா அதையும் பார்க்கவில்லை.

பூசை முடிந்து ஜனங்கள் வெளியே போகத் தொடங்கியதும், கூட்டம் கலைந்த பிறகு போகலாம் என்றார். எப்போதும் சொல்வதுதான். பாட்டுக்காரர்கள் இறங்கினார்கள். நாங்கள் இருந்தோம். மரப்படியில் யாரோ ஏறுகிற சத்தம். எந்தப் படியில் சத்தம் வரும் என்று கவலைப்படாமல் ஏறி வருகிற சத்தம். தங்கை பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி மேலே வந்தார்.

அக்கா கேமராவை முகத்துக்குக் கொண்டுபோனார். பழக்கமாக இருக்கலாம், அல்லது ஒளிந்துகொள்ள இருக்கலாம். தங்கை நடந்து வந்தார். அக்கா வளையத்தை வேகமாகத் திருகித் திருகிப் பின்னால் கொண்டுவந்தார். கொசு மாதிரி அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. முன்னால் ஓடியது, பின்னால் ஓடியது, மறுபடி முன்னால் ஓடியது. நிற்கவில்லை. தங்கை லென்ஸுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றார்.

"கேமராவ எறக்குக்கா."

அக்கா இறக்கினார்.

"நீ எங்க நிப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

தங்கை தூக்கிப் பிடித்திருந்த புடவையைக் கீழே விட்டார். "நேர்ல வந்து கூப்புடுறேன். சாப்புட வா."

"இத்தன வேலையில ஒனக்கு எதுக்கும்மா தொந்தரவு? நான் வீட்டுல போயி—"

"தொந்தரவு குடுக்கா" என்றார் தங்கை. குரல் உயரவில்லை. "அன்னிக்கு நடுராத்திரியில எழுப்பிச் சொல்லியிருக்கணும் நீ. நான் வந்திருப்பேன். வர முடியலன்னாலும் அங்கேருந்து அழுதிருப்பேன். எனக்குத் தொந்தரவு வேணாம்னு நீயே முடிவு பண்ணிட்ட. இப்பவாவது குடு."

நான் ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். வெளியே வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றேன். அவர்கள் இறங்கி வந்தபோது முன்னால் வந்தது தங்கை. அக்காவின் கழுத்தில் கேமரா தொங்கியது, மூடி போடவில்லை. எதையும் மூடாமல் வைக்கிறவர் இல்லை அவர். பந்தியில் நானும் உட்கார்ந்தேன். அக்காவுக்குப் பாயசம் இரண்டாம் முறை ஊற்ற வந்தவரிடம் அவர் வேண்டாம் என்று கை காட்டினார். நான் முதன்முதலாகப் பார்த்த மறுப்பு அது. அன்றைய டைரியில் அதைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாளியும் கோலமாவுமாக வாசலுக்குப் போகும்போது தொலைபேசி அடித்தது. எங்கள் வீட்டு எண் அக்காவிடம் பல வருடங்களாக இருந்தது. ஒரு முறையும் கூப்பிட்டதில்லை.

"தூங்குறீங்களா?"

இல்லை என்றேன். பின்னால் யாரோ அடங்கிய குரலில் சிரிப்பது கேட்டது.

"ஒரு தொந்தரவுங்க. நானும் தங்கச்சியும் சேந்து ஒரு படம் எடுக்கணும். நீங்க வந்து எடுக்கணும். இப்பவே வாங்க."

வாளியை அப்படியே வைத்துவிட்டு, கோலம் போடாமல், அண்ணனை எழுப்பி மொபெட்டில் தலத்தெருவுக்குப் போனேன். இரண்டு பேரும் கூடத்தில், அம்மாவின் பழைய மரப்பெஞ்சில் இருந்தார்கள். தங்கை இராத்திரி அங்கேயே தங்கிவிட்டிருந்தார். அவர் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா ஓரத்தில், பாதி உடம்பு வெளியே இருக்கும்படி ஒட்டிக்கொண்டிருந்தார். கூடம் சிறியது, சுவரோடு முதுகை வைத்தும் இருவரும் கேமராவுக்குள் அடங்கவில்லை. புது லென்ஸைக் கழற்றி, துண்டில் சுற்றி வைத்துவிட்டு, பழைய சின்ன லென்ஸை மாட்டினேன். மாட்டிக் கண்ணில் வைத்தபோது, அக்கா தங்கையின் தோளில் கை வைத்துத் தள்ளுவது தெரிந்தது.

"கொஞ்சம் நகருடி" என்றார்.

தங்கை நகர்ந்தார். நான் எடுத்தேன்.